ஒன்றுமில்லை என்ற பிள்ளையின் எடை

தொங்கு தராசில் எதையும் வைக்காவிட்டால் அதன் முள் பூஜ்யத்தில் நிற்கும் என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒருசேர நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. பள்ளிக்கூட ஆசிரியர்கள், மளிகைக்கடைக்காரர்கள், எடைக்கல்லுக்கு முத்திரை குத்தும் அதிகாரிகள் ஆகிய முத்தரப்பினரும் நெடுங்காலமாகப் பரப்பிவந்த இந்தப் பிழையை, மதுரைக்கு மேற்கே உப்போடைப்பட்டி என்னும் ஊரின் பால்வாடியில், 1983ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இரண்டாவது புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, முப்பத்தொரு தாய்மார் முன்னிலையில், ஒரு தராசே திருத்தியது.

ஒன்றும் வைக்காத தூளியை எதற்காகத் தராசில் மாட்டினார்கள் என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்து, எடை குறைந்தவர்களுக்குச் சத்துமாவு உருண்டை கொடுக்கும் அரசுத் திட்டம் அந்த ஊருக்கு வந்தபோது, தாய்மார்கள் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளித்துவைத்தார்கள், ஏனென்றால் பிள்ளையின் எடையை வாய்விட்டுச் சொன்னால் கண் படும், கண் பட்டால் பிள்ளை இளைக்கும், இளைத்த பிறகு உருண்டை கொடுத்து என்ன பயன் என்பது அவர்கள் வாதம், தர்க்கரீதியாக அதில் ஓட்டை இல்லை. பால்வாடி டீச்சர் சௌந்திரம் மூன்று மாதம் வீடு வீடாக நடந்து ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்: ஒவ்வொரு பிள்ளையையும் நிறுப்பதற்கு முன்னால் வெறும் தூளியை மாட்டி, ஊருக்கே கேட்கும்படி ‘ஒண்ணுமில்லே!’ என்று அவர் கத்துவார். அங்கே சுற்றித் திரிகிற கண் அதைக் கேட்டு, இங்கே நமக்கு வேலையில்லை என்று அடுத்த ஊருக்குப் போய்விடும். அதன் பிறகு பிள்ளையைப் போட்டு எடையைச் சத்தமில்லாமல் எழுதிக்கொள்ளலாம். இப்படியாக டீச்சர் மாதம் முப்பத்தொரு தடவை கத்திவந்தார். அடுத்த ஊர்க்காரர்கள் இதுபற்றி எழுத்துமூலம் புகார் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை ஞானப்பூ அங்கே நின்றது தற்செயல். ஊருக்குக் கிழக்கே இரண்டு மைல் தள்ளி, தொழுநோய் வந்து வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்களுக்காக ஒரு ஆஸ்பத்திரி அமைத்துக்கொடுத்த குடியிருப்பு இருந்தது, அதன் பெயர் சுகபுரம். அங்கே தறி நெய்கிறவள் அவள். நாற்பத்து நான்கு வயது. பழைய தூளி கிழிந்துபோனதால் டீச்சர் புதிது ஒன்று சொல்லியிருந்தார், அதை நெய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடிகுழாய்ப் பக்கம் பன்னிரண்டு தப்படி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நோய் குணமாகிப் பதினைந்து வருடமாயிற்று, தள்ளி நில் என்று யாரும் சொல்லியும் பல வருடமாயிற்று, ஆனாலும் ஊருக்குள் வந்தால் அவள் கால் தானாகவே பன்னிரண்டு எண்ணி நின்றுவிடும். வலக்கையில் மூன்று விரல்கள் பாதிதான் இருந்தன. மீதியை வைத்துக்கொண்டு அவள் நெய்த துணியில் தண்ணீர் ஊற்றினால் அது இறங்க யோசிக்கும்.

டீச்சர் புதுத் தூளியை மாட்டினார், மூச்சை இழுத்தார், “ஒண்ணுமி...” என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டார்.

“சத்தமாச் சொல்லுங்க டீச்சர், கண்ணு காத்துக்கிட்டு நிக்கிது” என்றாள் வரிசையில் முதலில் நின்ற மாயக்காள்.

“ரெண்டு கிலோ தொள்ளாயிரம் காட்டுதுடி.”

“எதுக்கு?”

“ஒண்ணுமில்லாததுக்கு.”

தூளியைக் கழற்றி உதறினார்கள், உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார்கள், பழைய தூளியை மாட்டினார்கள், முள் சமர்த்தாகப் பூஜ்யத்தில் நின்றது, மாயக்காளின் பிள்ளையைப் போட்டார்கள், போன மாதத்தைவிட முந்நூறு கிராம் கூடியிருந்தது, மறுபடி புதுத் தூளியை மாட்டினார்கள், ரெண்டு கிலோ தொள்ளாயிரம். பயந்த கோழி மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“துணிதான் கனமா இருக்குமோ?” என்று டீச்சர் அடிகுழாய்ப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“இல்லக்கா, துணி கால் கிலோகூட வராது” என்றாள் ஞானப்பூ. அவள் வாயைத் திறந்ததும் முள் துள்ளியது, தூளியில் கிடக்கிற பிள்ளை பழகிய குரலைக் கேட்டுக் காலை உதைத்தால் துள்ளுமே, அப்படி. மற்றவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். யாரிடமும் சொல்லாமல் திரும்பி, இரண்டு மைலையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

சௌந்திரம் டீச்சர் சட்டத்துக்குப் பயந்தவர். முள் என்ன காட்டுகிறதோ அதை எழுத வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பதிவேட்டில் எடை என்ற இடத்தில் 2.900 என்று எழுதினார். பிறந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டார். குழந்தையின் பெயர் என்ற இடம் வந்ததும் தூளிக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, மனசாட்சிக்கு விரோதமில்லாமல், ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினார்.

வேறு எந்த மாநிலத்திலாவது அந்தப் பதிவேடு திரும்பி வந்திருக்கும். ஆனால் யூனியன் ஆபீசில் அதைப் பார்த்த மேற்பார்வையாளர் அம்மாள் அந்த மண்ணில் பிறந்தவர். பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளையாவது தங்கட்டும், எமனுக்கு இதன்மேல் ஆசை வராமல் இருக்கட்டும் என்று குப்பை என்றும் பிச்சை என்றும் மண்ணாங்கட்டி என்றும் பெயர் வைப்பது அவருக்குத் தெரியும். அவருடைய சொந்தச் சித்தப்பாவின் பெயரே ‘தவிட்டுக்கு வாங்கியவர்’. அவர் பெருமூச்சு விட்டார். “பாவி மக, எத்தனை பிள்ளைகளை வாரிக் குடுத்தாளோ, ஒன்றுமில்லைன்னு வச்சிருக்கா” என்றார். அடுத்த வாரமே பச்சை மஞ்சள் சிவப்புப் பட்டைகள் போட்ட வளர்ச்சி அட்டை ஒன்று உப்போடைப்பட்டிக்கு வந்து சேர்ந்தது. குழந்தையின் பெயர்: ஒன்றுமில்லை. தாயின் பெயர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. ‘பூர்த்தி செய்து அனுப்பவும்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது.

அட்டையே வந்துவிட்ட பிறகு ஊர் என்ன செய்யும்? அடுத்த மாதம் மூன்று கிலோ எழுநூறு, அதற்கு அடுத்த மாதம் நாலு கிலோ அறுநூறு, டீச்சர் புள்ளி வைத்துக் கோடு இழுக்க இழுக்கக் கோடு பச்சைப் பட்டையில் ஏணி போல ஏறியது. எடை நாளில் அடுத்த ஊர்க்காரர்கள், புகார் கொடுத்தவர்களே, வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். நர்ஸ் போலியோ சொட்டு மருந்துடன் வந்து, யாருடைய வாயில் விடுவது என்று கேட்டு, பதில் கிடைக்காமல் தூளியின் நடுவில் இரண்டு சொட்டு விட்டார், துணி நனையவில்லை. கார்த்திகையில் எடை கூடாமல் நின்றது, சளியாக இருக்கும் என்றார்கள், விதிப்படி சத்துமாவு உருண்டை வைத்தார்கள். உருண்டை வைத்த இடத்திலேயே இருந்தது, ஆனால் பின்னர் அதை எடுத்துத் தின்றவர்கள் சக்கையைத் தின்பதுபோல் இருக்கிறது, இனிப்பெல்லாம் போய்விட்டது என்றார்கள், மார்கழியில் எண்ணூறு கிராம் கூடியது.

ஆணா பெண்ணா என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஆண் என்றவர்கள் எடையைக் காட்டினார்கள். பெண் என்றவர்கள் பொறுமையைக் காட்டினார்கள். ஒரு முறையாவது அழுதிருக்கிறதா என்று கேட்டார்கள். மாயக்காள் தன் மகனுக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று முந்திக்கொண்டு சொல்லிவைத்தாள். “முதல்ல பொண்ணுதானான்னு தெரியட்டும்டி” என்று அவள் நாத்தனார் சொன்னதற்கு, “பையனா இருந்தா என் மகளுக்கு. எனக்குத்தான் ரெண்டும் இருக்கே” என்றாள். தூளியைக் கடந்துபோகிறவர்கள் ஒரு தட்டுத் தட்டி ஆட்டிவிட்டுப் போனார்கள். மழை வந்தால் முதலில் அதை உள்ளே தூக்கினார்கள். வெறும் தூளி ஆடினால் வீட்டுக்கு ஆகாது என்கிற சாத்திரத்தை யாரோ நினைவுபடுத்தியபோது, “வெறும் தூளியா இது?” என்று ஊரே சண்டைக்கு வந்தது.

சுகபுரத்தில் ஞானப்பூவின் புருஷன் சந்தோசத்துக்கு இது முதல் நாளிலிருந்தே தெரியும். அன்று அவள் மூச்சிரைக்க வந்து சொன்னதும் அவர் தறியை நிறுத்தினார், நூலோடு ஓடிக்கொண்டிருந்த நாடா பாதியில் நின்றது.

“நம்ம பிள்ளைதான்னு எப்படிச் சொல்ற பூவு?”

“நான் பேசுனேன், துள்ளுச்சு.”

அவர் தன் வலது பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். “அப்ப நான் அன்னைக்கே நினைச்சது சரி. அது செல்லாது.”

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சுகபுரத்தில் கல்யாணம் செய்துகொள்ள விரும்பியவர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை, நோயாளிகளின் புண்ணைத் தன் கையாலேயே துடைத்தவர், வெளிநாட்டில் படித்தவர், அங்கே படித்த புத்தகங்களில் நல்ல மனித இனத்தை எப்படி வளர்ப்பது என்பது பற்றிய புத்தகங்களும் இருந்தன. தொழுநோய் பரம்பரையாக வருவதில்லை, அது ஒரு கிருமியால் வருகிறது என்பது அப்போதே தொண்ணூறு வருடப் பழைய செய்தி; டாக்டருக்கும் அது தெரியும்; தெரிந்திருந்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரையும் உட்காரவைத்து, கரும்பில் நல்ல கரணையைத்தானே விதைக்கு எடுக்கிறோம் என்று கனிவோடு விளக்குவார். ஆகவே மாப்பிள்ளை முதலில், பிள்ளை பிறக்காமலிருக்க, ஒரு சின்ன ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். செய்தாயிற்று என்று டாக்டர் கொடுக்கும் தாளுக்கு சுகபுரத்தில் மாப்பிள்ளைச் சீட்டு என்று பெயர். அது இல்லாமல் தேவாலயத்தில் போதகர், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கும் ஓலையை வாசிக்க மாட்டார். சந்தோசம் வெள்ளிக்கிழமை சீட்டு வாங்கினார், ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். அந்த மாதிரி இருபத்து மூன்று ஜோடிகள். பிள்ளை பெறக்கூடிய ஜோடி ஒன்றுகூட இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, பலுகிப் பெருகுங்கள் என்று ஆசீர்வதித்து அனுப்பினார்கள்.

“சம்மதம்னு பேப்பர்ல கைநாட்டு வைக்கச் சொன்னாரு, வச்சேன்” என்றார் சந்தோசம், இருநூறாவது தடவையாக, ஆனால் முதல் தடவையாகச் சந்தோசமாக. “நோவுல ரேகையெல்லாம் அழிஞ்சு போச்சா, வெறும் மை உருண்டைதான் விழுது. மறுபடி வைன்னாரு. வச்சேன். மூணு தடவை. மூணும் உருண்டை. ரேகை விழாத கைநாட்டு எந்தக் கோர்ட்டுல செல்லும்? நான் சம்மதிக்கவே இல்ல பூவு. அது தெரிஞ்சுதான் பிள்ளை பொறுத்துப் பாத்துட்டு வந்திருக்கு.”

“அப்ப வாங்க, போய்ச் சொல்லுவோம்.”

அவர் சிரிப்பு நின்றது. “நோவுக்காரங்க பிள்ளைன்னு தெரிஞ்சா அந்தத் தூளிய எரிச்சிருவாகடி.”

ஆகவே மாதம் ஒரு தடவை, எடை நாளன்று, நெய்த துணி எதையாவது கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவாள், பன்னிரண்டு தப்படி தள்ளி நிற்பாள், ‘டீச்சர், துணி வேணுமா’ என்று கேட்பாள், முள் துள்ளுவதைப் பார்ப்பாள், போய்விடுவாள். டீச்சர் எட்டு மாதத்தில் பதினோரு துண்டு வாங்கினார். டீச்சர் முட்டாள் இல்லை. ஆனால் கேட்கவும் இல்லை.

பங்குனிக் கடைசியில் யூனியன் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. சித்திரை மாதம் வட்டார அளவில் கொழுகொழு குழந்தைப் போட்டி, ஒரு வயதுக்கு உட்பட்டவர்கள் கலந்துகொள்ளலாம், முதல் பரிசு வெள்ளிக் கிண்ணம். உப்போடைப்பட்டி எந்தக் காலத்திலும் எந்தப் போட்டியிலும் ஜெயித்தது கிடையாது, கபடியில்கூட. இப்போது அதனிடம் எட்டு கிலோ அறுநூறு இருந்தது.

விண்ணப்பத்தில் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, தாயின் பெயர். அதை இனியும் காலியாக விட்டால் அட்டையையே ரத்து செய்துவிடுவதாகப் பென்சிலுக்குப் பதில் இந்தத் தடவை சிவப்பு மையில் எழுதியிருந்தது. இரண்டாவது, ஏழாவது கேள்வி: ‘பெற்றோர் அல்லது முன்னோர் எவருக்கேனும் குஷ்டம், காசம், காக்காய்வலிப்பு, சித்தப்பிரமை, பிறவி ஊனம் இருந்ததுண்டா? இல்லை எனத் தாய் உறுதியளித்துக் கையொப்பமிடவும்.’

அந்த ஏழாவது கேள்வி உப்போடைப்பட்டியில் பிறந்ததல்ல, அதற்கு நீண்ட வம்சாவளி உண்டு. நல்ல பிறப்பு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களை எடுத்து 1883இல் ஓர் ஆங்கிலேயர் இந்த இயலுக்குப் பெயர் சூட்டினார். பிறகு அமெரிக்கப் பொருட்காட்சிகளில், மாடுகளுக்கு மதிப்பெண் போடும் தாளைப் பார்த்து ஒரு தாள் தயாரித்துப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் போதாதவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று அந்த நாட்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டம் போட்டு அறுத்தன. ஜெர்மனியில் அது எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். சுவீடனும் செய்தது, ஜப்பான் தொழுநோயாளிகளைப் பெயர் சொல்லியே சட்டத்தில் சேர்த்தது. எழுதியவர்களின் பெயர்கள் நூலகங்களில் இருக்கின்றன. அறுக்கப்பட்டவர்களின் பெயர்களை அவர்களுடைய பிள்ளைகளாவது நினைவில் வைத்திருப்பார்கள் என்றால், அதற்கும் வழியில்லை. தாள் மட்டும் கப்பலேறி, தட்டச்சாகி, நகலுக்கு நகல் எடுக்கப்பட்டு, காரணம் மறந்துபோன பிறகும் கேள்வி மறக்காமல், எங்கெங்கோ சுற்றி அந்த யூனியன் ஆபீஸ் அலமாரிக்கும் வந்திருந்தது.

“இதுல என்ன கஷ்டம்?” என்றாள் பஞ்சாயத்துத் தலைவர் மனைவி கமலவேணி. “தாய்ப் பேருக்கு என் பேரைப் போடுங்க டீச்சர். எங்க வம்சத்துல ஒரு தும்மல்கூடக் கிடையாது. கிண்ணம் ஊருக்குத்தானே வருது.”

கமலவேணியும் கெட்டவள் இல்லை. நாலு பிள்ளை பெற்றவள், அந்தத் தூளியை மழைக்கு உள்ளே தூக்கியவர்களில் முதல் ஆள். ஊரே கைதட்டியது. டீச்சர் மட்டும் அடிகுழாய்ப் பக்கம் பார்த்தார். அன்று எடை நாள் இல்லை, அங்கே யாரும் இல்லை. ஆனால் அன்று மாலையே சுகபுரத்துக்குப் போய், ஞானப்பூவின் வாசலில், எல்லையில் நிற்காமல், நேரே நடையேறி நின்றார்.

“ஞாயித்துக்கிழமை போட்டி. கமலவேணி பேரைப் போடப் போறாக. போட்டுட்டா அது அவுக பிள்ளை, அப்புறம் மாத்த முடியாது. நான் வந்து சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாத.”

ஞாயிற்றுக்கிழமை யூனியன் ஆபீஸ் மைதானத்தில் பந்தல், சாமியானா, ஒலிபெருக்கி, பலூன்காரர். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் எண்ணெய் தடவிப் பளபளவென்று வந்திருந்தன. உப்போடைப்பட்டிக்காரர்கள் மட்டும் ஒரு காலித் தூளியை நாலு பேர் நாலு முனையில் பிடித்துக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, ‘பாத்து, பாத்து, கழுத்தைப் பிடி’ என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். நடுவராக வந்திருந்த லேடி டாக்டர் ஒரு கணம் பார்த்தார். வளர்ச்சி அட்டையை வாங்கிப் பார்த்தார். எட்டு மாதமும் பச்சைப் பட்டை, ஒவ்வொரு மாதமும் மேற்பார்வையாளர் கையெழுத்து, முத்திரை. அதற்குமேல் ஓர் அரசு ஊழியர் என்ன கேட்க முடியும்?

“தராசில் மாட்டுங்க. எட்டு கிலோ அறுநூறு. நல்லது. தாயார் யாரு?”

“நான்தாங்க” என்று கமலவேணி பட்டுச்சேலை சரசரக்க முன்னால் வந்து, தூளியில் கை வைத்தாள்.

முள் இறங்கியது. வேகமாக இல்லை. கோபித்துக்கொண்ட பிள்ளை இடுப்பிலிருந்து வழுகி இறங்குவதுபோல, எட்டு, ஆறு, மூன்று என்று இறங்கி, பூஜ்யத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தூளி காற்றில் ஆடியது. உப்போடைப்பட்டிக் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, இழவு வீட்டில் முதலில் வரும் சத்தம். “ஐயோ, பிள்ளை!” என்றாள் மாயக்காள். கமலவேணி சுட்டதுபோல் கையை எடுத்தாள். முள் ஏறவில்லை.

பந்தலுக்கு வெளியே, பன்னிரண்டு தப்படிக்கும் அப்பால், ஞானப்பூ சந்தோசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் அவள் என்னென்னவோ சொல்லத் தயாரித்து வைத்திருந்தாள், எதுவும் நினைவில்லை. அவள் பார்த்ததெல்லாம் பூஜ்யம்தான், இருபத்திரண்டு வருடமாக அவளுக்குப் பழகிய பூஜ்யம், அங்கே தராசின் முகத்தில் எல்லோரும் பார்க்க. கையை உதறிவிட்டு நடந்தாள். கால் பன்னிரண்டு எண்ணியது, எண்ணி நிற்கப் பார்த்தது, அவள் அதை மிதித்துக்கொண்டு பதின்மூன்று வைத்தாள், பதினாலு வைத்தாள், எண்ணிக்கை போய்விட்டது.

“ஏய், இங்க பாரு, அம்மா வந்துட்டேன்” என்றாள்.

முள் துள்ளியது. மூன்று, ஏழு, எட்டு கிலோ அறுநூறு, அதையும் தாண்டி ஒன்பதைத் தொட்டுவிட்டுத் திரும்பி, குதித்துக் குதித்து ஆடியது, கொக்கி கிறீச்சிட்டது, தராசுக்காரர் பயந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். யாரோ விசிலடித்தார்கள். மாயக்காள் பக்கத்திலிருந்தவளைக் கட்டிப்பிடித்தாள். அப்புறம்தான் எல்லோரும், தூளியின் விளிம்பைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தார்கள். சத்தம் ஓய்ந்தது.

லேடி டாக்டரும் கையைப் பார்த்தார். விண்ணப்பத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: “அம்மா, ஏழாவது கேள்வி ஒண்ணு இருக்கு. எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது, பழைய ஃபாரம். ‘இல்லை’ன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா நான் மேற்கொண்டு எதையும் பார்க்க மாட்டேன். கிண்ணம் உங்க பிள்ளைக்குத்தான்.”

“போடு ஆத்தா” என்றார் உப்போடைப்பட்டித் தலைவர் பின்னாலிருந்து. “ஒரு வார்த்தைதானே.”

ஞானப்பூ பேனாவை வாங்கினாள். வாங்கி, திருப்பி மேசைமேல் வைத்தாள்.

“முன்னாடியும் ஒரு நல்ல டாக்டரு இப்படித்தான் ஒரு பேப்பரைக் குடுத்தாரும்மா. எனக்கு இருந்த நோவால இவளை ‘இல்லை’ன்னு எழுதி வாங்குனாரு. இன்னைக்கு இவளுக்குக் கிண்ணம் வேணும்னு, என் நோவை நான் ‘இல்லை’ன்னு எழுதணுமா? இருந்துச்சு. எனக்கும் இருந்துச்சு, இவ அப்பாவுக்கும் இருந்துச்சு. அதுக்கு அப்புறமும் இவ எட்டு கிலோ அறுநூறு இருக்கா. அதை எழுதிக்கங்க. தாய் பேரு ஞானப்பூ. தகப்பன் பேரு சந்தோசம், அந்தா நிக்கிறாக, அழுதுக்கிட்டு. கிண்ணத்தை யாருக்கு வேணும்னாலும் குடுங்க.”

கிண்ணம் எட்டு கிலோ நானூறு இருந்த பக்கத்து ஊர்க் கான்ட்ராக்டர் மகனுக்குப் போயிற்று. லேடி டாக்டர் அட்டையை எடுத்து, காலியாக இருந்த இடத்தில், எழுத்துப்பிழை இல்லாமல், அவள் சொன்ன பெயரை எழுதி முத்திரை குத்தினார். குழந்தையின் பெயர் இப்படியே இருக்கலாமா, மாற்ற வேண்டுமா என்று கேட்டார்.

“இருக்கட்டும்மா. கண்ணு படாது.”

உப்போடைப்பட்டிக்காரர்கள் விலகியும் விலகாமலும் நின்றார்கள். எட்டு மாதமாக மழையிலும் வெயிலிலும் தூக்கிச் சுமந்தது யாருடைய பிள்ளையை என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிலர் தங்கள் கையைச் சேலையில் துடைத்தார்கள், துடைத்துவிட்டு வெட்கப்பட்டார்கள். தராசிலிருந்து இறக்கிய தூளியில் சந்தோசம் ஒரு முனையைப் பிடித்தார், ஞானப்பூ ஒரு முனையைப் பிடித்தாள். மற்ற இரண்டு முனைகளும் தரையை நோக்கித் தொங்கின.

கமலவேணி வந்து பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு முனையைத் தூக்கினாள். முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல், கடுகடுவென்று கேட்டாள்:

“என்னமோ ‘இவ’ங்கிற? பொட்டப்பிள்ளைதானா? நல்லாத் தெரியுமா?”

“தெரியாம என்ன? அந்த முள்ளு குதிச்ச குதி ஆம்பளப் பிள்ளை குதிக்குமா?”

“நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்” என்றாள் கமலவேணி, அவள் ஆரம்பத்திலிருந்து ஆண் என்று சொன்னவள். மாயக்காள் ஓடிவந்து நாலாவது முனையைப் பிடித்து, “மதினி, பேச்சு பேச்சா இருக்கணும், என் மகனுக்குத்தான்” என்று ஞானப்பூவிடம் சொல்ல, ஞானப்பூ, “உன் மகன் எடை எம்புட்டு? முதல்ல அதைச் சொல்லு” என்றாள்.

அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமை, சுகபுரத்திலிருந்து மாப்பிள்ளைச் சீட்டு வாங்கிய மற்ற இருபத்திரண்டு வீடுகளும், ஒவ்வொன்றும் தானே நெய்த ஒரு தூளியோடு, பால்வாடி வாசலில் வரிசையில் வந்து நின்றன. பதின்மூன்று வீடுகள் ஜோடியாக வந்தன. துணையை இழந்த ஒன்பது பேர் தனியாக வந்தார்கள். உப்போடைப்பட்டியில் எடை போடும் நாள் அன்றிலிருந்து புதன், வியாழன் என்று இரண்டாயிற்று.